அக்காளின் கையும் தங்கையின் காலும்

“உஸ்தாத், நீங்க சொன்னது தப்பு.”

பல ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்து திரிந்த அந்த ஒரு வாக்கியத்தைப் பரஞ்சோதி பட்டறையின் வாசலிலேயே இறக்கி வைத்தார்.

நூர்தீன் உஸ்தாத் ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய கால்கள் இரண்டு மட்டுமே வெளியே தெரிந்தன.

“எது?” என்று கேட்டன கால்கள்.

“அக்கா கை தங்கச்சிக்கு ஆகாதுன்னீங்களே, அது.”

கால்கள் அசையவில்லை.

கொல்லிமலையின் அடிவாரத்தில் இருந்த அந்தப் பட்டறைக்குள் பழைய கார்களுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒரே தொழிற்சாலையில் முன்னும் பின்னுமாகப் பிறந்த இரண்டு மாடல்களை அங்கே அக்காள் என்றும் தங்கை என்றும் அழைப்பார்கள். சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு ஏறி இறங்கும் சஸ்பென்ஷனுக்குக் ‘கால்’ என்று பெயர். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பிகளுக்குக் ‘கை’ என்று பெயர். ஒரு வண்டியின் உருப்படியைக் கழற்றி உறவுக்கார வண்டிக்குப் பூட்டினால், அதற்குப் ‘பெண் எடுப்பது’ என்று பெயர்.

கதவை எடுக்கலாம். கண்ணாடியை எடுக்கலாம். விளக்கு, இருக்கை, பானெட் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். உஸ்தாத் மறுப்பதில்லை.

ஆனால், கையையும் காலையும் பிரிக்கக் கூடாது. எடுத்தால் இரண்டையும் சேர்த்து எடு. இல்லையேல் இரண்டையும் விடு.

“ஏன்?” என்று சீடராக இருந்த காலத்தில் பரஞ்சோதி கேட்டதுண்டு.

“பாரு” என்றார் உஸ்தாத்.

அவ்வளவுதான் விளக்கம்.

பரஞ்சோதி பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாமக்கல்லுக்குப் போய்த் தனியாகப் பட்டறை வைத்தார், பேரும் எடுத்தார். குருவுக்கும் சீடருக்கும் வயதில் பெரிய வேறுபாடு கிடையாது. நரை மட்டும் சீடருக்கே கூடுதலாக விழுந்திருந்தது.

“தங்கச்சியோட கை இப்ப எங்க தேடினாலும் கிடைக்கிறதில்லைங்க” என்றார் பரஞ்சோதி, அந்தக் கால்களைப் பார்த்து. “அக்காவோடது மூலைக்கு மூலை கிடைக்குது. கனமானது. உடையாதது. அதை எடுத்துத் தங்கச்சிக்குப் போட்டேன். மரை திருகி நீளத்தைச் சரிபண்ணினேன். அப்படியே பொருந்திடுச்சு.”

“ம்.”

“பைபாஸ்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினேனுங்க. நூல் பிடிச்ச மாதிரி போச்சு.”

“ம்.”

“ஒண்ணு இல்லீங்க, ரெண்டு வண்டி. இந்த வெள்ளை வண்டி எனக்கு. பச்சை வண்டி எம்பொண்ணு ரேணுகாவுக்கு. இன்னைக்குப் பேத்திக்குக் காதுகுத்து, மலை மேல கோயில்ல. அவ குழந்தையையும் மாமியாரையும் ஏத்திக்கிட்டு முன்னாடியே கிளம்பிட்டா. நான் உங்களையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கால்கள் அசைந்தன.

உஸ்தாத் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். எழுந்து நிற்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து பரஞ்சோதியின் முகத்தைப் பார்த்தார்.

“அந்த வண்டியிலயும் கையும் காலும் இப்படியேதானா?”

“அச்சு அசலா.”

“மலைக்கா போயிருக்கு?”

“ஆமாங்க.”

உஸ்தாத் முழங்கையில் இருந்த கிரீஸைத் துடைத்தார்.

“அனுப்பறதுக்கு முன்னாடி பம்பர்ல உக்காந்தியா?”

பரஞ்சோதிக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

உஸ்தாத்தின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டி எதுவும் அப்படியே வெளியேறாது. உஸ்தாத் வந்து முன்பம்பரின் ஓரத்தில் அமர்வார். கையில் தேநீர்க் குவளை இருக்கும். தலையைக் குனிந்து, தேநீரை ஊதி ஆற்றுவதுபோல் நெடுநேரம் இருப்பார். எழுவார், மறுபடி அமர்வார். பம்பரின் மறுமுனைக்குப் போவார், அங்கும் அமர்வார். கடைசியில் வேப்பமரத்தின் அடியில் குவளையைக் கவிழ்த்துவிட்டு, பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, “போகலாம்” என்பார். அதன் பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும்.

பரஞ்சோதி தம் குருவிடமிருந்து எதை மறந்தாலும் இதை மறக்கவில்லை. நாமக்கல்லிலும் அவர் பம்பரின் ஓரத்தில் அமர்ந்தார். தலையைக் குனிந்தார். தேநீரை ஊதினார். எழுந்து மறுமுனைக்குப் போனார். மீந்ததைக் கவிழ்ப்பதற்கென்றே வாசலில் ஒரு வேப்பங்கன்றும் நட்டு வளர்த்தார். வண்டிக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ‘டீ பூஜை’ என்று ஊரே அதற்குப் பெயர் வைத்தது.

“உக்காந்தேனுங்க. ரெண்டு வண்டியிலயும்.”

“டீ குடிச்சியா?”

“குடிச்சேன். ஏலக்காய் போட்டு.”

“என்னத்தைப் பார்த்தே?”

பரஞ்சோதி விழித்தார்.

“என்னத்தைன்னா? டீயைத்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். உஸ்தாத் சிரிக்கவில்லை.

“இங்கயும் உக்காருங்க உஸ்தாத். என் வண்டியில ஒரு தடவை உக்காருங்க. உங்களுக்குன்னே பிளாஸ்க்குல கொண்டுவந்திருக்கேன்.”

“ரேணுகாவுக்கு முதல்ல போன் போடு.”

“எதுக்குங்க?”

“போடு.”

பரஞ்சோதி போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் பணிவோடு அறிவித்தது.

“மலையில டவர் கிடைக்காதுங்க” என்றார் பரஞ்சோதி.

உஸ்தாத் எழுந்தார். மூலையில் கிடந்த நீண்ட மூங்கில் கழிகள் இரண்டை எடுத்து வந்தார். பழைய டியூப் ரப்பரால் முன்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டையும் இறுக்கிக் கட்டினார். கழிகள் பம்பரைத் தாண்டி, தண்டவாளங்கள்போல் ஒன்றையொன்று தொடாமல் முன்னோக்கி நீண்டன.

“ஸ்டீயரிங்கைக் கட்டு. உன் கையாலயே கட்டு.”

பரஞ்சோதி கயிற்றை எடுத்தார். ஸ்டீயரிங் இம்மியும் திரும்பாதபடி இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு பிணைத்தார். இழுத்துப் பார்த்தார். மலையைக் கட்டியதுபோல் இருந்தது.

“முன்னாடி வந்து நில்லு. என்னைப் பார்க்காதே. கழியைப் பாரு.”

உஸ்தாத் பம்பரின் நடுவில் அமர்ந்தார்.

வண்டியின் மூக்கு அமுங்கியது.

கழிகளின் நுனிகள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. வந்தவரை வரவேற்கக் கைகூப்புவதுபோல், மெல்ல, ஓசையில்லாமல், நெருங்கின.



“கயிறு நழுவிடுச்சுங்க” என்று பரஞ்சோதி ஓடினார். கயிறு நழுவவில்லை. முடிச்சு இறுகியே இருந்தது.

உஸ்தாத் எழுந்தார். வண்டியின் மூக்கு மேலே வந்தது. கழிகள் விலகின.

உஸ்தாத் மறுபடி அமர்ந்தார். கழிகள் மறுபடி கும்பிட்டன.

வண்டிக்குள் மனிதர் ஒருவரும் இல்லை. ஸ்டீயரிங்கைத் தொடுவார் யாரும் இல்லை. ஆயினும், சக்கரங்கள் தாமாகவே திரும்பின.

பரஞ்சோதி தம் வாழ்நாளில் எத்தனையோ வண்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறார். செத்துப்போன ஒன்று கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல் அசையும் ஒரு வண்டியை அவர் அதுவரை கண்டதில்லை.

“ஓடுறப்ப நேராப் போச்சுங்களே! பைபாஸ்ல…”

“பைபாஸ்ல பள்ளம் உண்டா?”

“இல்லீங்க.”

“வளைவு?”

 

உஸ்தாத் நடுவிலிருந்து எழுந்து பம்பரின் இடப்பக்க முனையில் அமர்ந்தார். இடப்பக்கம் மட்டும் அமுங்கியது, வலப்பக்கம் எழுந்தது. இடக்கழி வலப்பக்கமாக நகர்ந்தது. வலக்கழியும் அதே பக்கம் நகர்ந்தது. இப்போது அவை கும்பிடவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே திசையைச் சுட்டிக் காட்டின.

“இது வளைவு” என்றார் உஸ்தாத்.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் பரஞ்சோதியின் கண்முன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றன.

“ரேணுகா” என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயர் தானாக வாயைவிட்டு வெளியேறியது.

மறுபடி போன் செய்தார். அதே பெண்குரல். மறுபடி செய்தார். அதே பணிவு. போனைத் தரையில் வீசியெறியப் போனவர் கடைசி நொடியில் பையில் போட்டுக்கொண்டார்.

“வேற வண்டி ஏதாவது குடுங்க உஸ்தாத்! எதுவா இருந்தாலும் சரி!”

உஸ்தாத் பட்டறையைக் காட்டினார். உள்ளே நின்றிருந்த கார்கள் எல்லாம் சக்கரங்களை இழந்து கட்டைகளின்மேல் தவம் செய்துகொண்டிருந்தன. உஸ்தாத்தின் மொபெட் சுவரில் சாய்ந்திருந்தது. சமதரையிலேயே மூச்சு வாங்கும் பிறவி அது.

பரஞ்சோதி சாலைக்கு ஓடினார். கைகாட்டினார். ஒரு வேன் நிற்காமல் போயிற்று. மேளக்காரர்களை ஏற்றிச் சென்ற இன்னொரு வேனும் நிற்கவில்லை. அவருடைய அலறலை வாழ்த்து என்று நினைத்தோ என்னவோ, அதிலிருந்தவர்கள் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது, உஸ்தாத் கழிகளை அவிழ்த்துவிட்டு, வெள்ளை வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார்.

“இதுலயா?” என்றார் பரஞ்சோதி.

“வேற எதுல?”

“இதைப் போய் மலையில எப்படிங்க ஓட்டுவேன்?”

“உம்பொண்ணு ஓட்டிக்கிட்டுப் போறாளே.”

பரஞ்சோதி கயிற்றை அறுத்தார்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. காவலர் எட்டிப் பார்த்தார்.

“பச்சை வண்டி ஒண்ணு, பொம்பளப் புள்ள ஓட்டிக்கிட்டு…”

“அதுவா? அப்பவே மேல போயிடுச்சுங்களே. குழந்தை டாட்டா காட்டிச்சு.”

கட்டை உயர்ந்தது.

முதல் வளைவில் பரஞ்சோதி ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினார். வண்டி அவர் கேட்ட அளவுக்குத் திரும்பியது. பிறகு, கேளாத அளவுக்கும் திரும்பியது. எதிர்ப்பக்கம் பலமாக இழுத்துப் பிடித்தார். ஒரு சிறிய பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. ஸ்டீயரிங் அவருடைய கைக்குள்ளேயே துள்ளியது, பிடிபட்ட மீனைப்போல.

சமதரையில் இரண்டு கைகளையும் விட்டு ஓட்டிய வண்டி அது. இங்கே இரண்டு கைகள் போதவில்லை.

“நீங்க எறங்கிக்குங்க உஸ்தாத்.”

“ஓட்டு.”

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“பயமாத்தான் இருக்கு. கையை விட்டு ஓட்டற நினைப்பு மட்டும் வந்துடப் போகுது உனக்கு.”

பரஞ்சோதிக்கு அழுகை வந்தது. அழுவதற்கு ஒரு கையாவது வேண்டும், அதுவும் இல்லை.

நடந்து போகிறவர்கள்கூட அவர்களை முந்திக்கொண்டு போயிருப்பார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி அவரை மீறியது. ஒவ்வொரு முறையும், ‘இது என் கையால் செய்தது, இதைத்தான் அவளுக்கும் கொடுத்தேன்’ என்று அவர் மனம் சொல்லிக்கொண்டே வந்தது.

திடீரென்று பிரேக்கை மிதித்தார்.

வளைவின் உட்புறத் தடுப்புச் சுவரில் வெள்ளையடித்த பரப்பின்மேல் நீளமாக ஒரு கீறல். கீறல் முழுவதும் பச்சை.

அந்தப் பச்சையை அவர் அறிவார். மகளுக்குப் பிடிக்க வேண்டும் என்று மூன்று பச்சைகளைக் கலந்து அவரே ஆக்கிய நிறம் அது. உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் அது கிடையாது.

கீறல் சுவரின் முனைவரை சென்றது. அதற்கு மேல் சுவர் இல்லை.

பரஞ்சோதி இறங்க முயன்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உஸ்தாத் இறங்கினார். சுவரின் முனைக்குப் போனார். குனிந்து கீழே பார்த்தார். அங்கே, சற்றுமுன் அவர்கள் கடந்து வந்த சாலை கயிறுபோலத் தெரியும்.

உஸ்தாத்தின் முதுகை மட்டுமே பரஞ்சோதி பார்த்தார். அந்த முதுகு திரும்புவதற்குள் அவருக்கு ஓர் ஆயுள் கழிந்தது.

“கீழ ஒண்ணுமில்ல” என்றார் உஸ்தாத்.

அடுத்த வளைவைத் தாண்டியதும் பச்சை வண்டி நின்றது.

மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் கல் வைக்கப்பட்டிருந்தது. ஒரு பாறையின்மேல் ரேணுகா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் குழந்தை. குழந்தையின் வாயில் வண்டிச் சாவி.

பரஞ்சோதி இறங்கி ஓடினார். குழந்தையின் தலையைத் தொட்டார், காதைத் தொட்டார், மகளின் தோளைத் தொட்டார், மறுபடி குழந்தையின் தலையைத் தொட்டார். எண்ணிக்கையில் எங்கோ தவறு நேர்ந்துவிடும் என்பதுபோல் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார்.

முந்தானையால் விசிறியபடி நின்றிருந்த ரேணுகாவின் மாமியார் அங்கம்மாள் வாயைத் திறந்தார்.

“ஏனுங் சம்பந்தி, வண்டி செஞ்சு குடுங்கன்னா கோவேறு கழுதை செஞ்சு குடுத்திருக்கீங்களே! இந்தப்பக்கம் போன்னா அந்தப்பக்கம் போகுது! எம்மருமக கெட்டிக்காரி. இல்லீன்னா காதுகுத்து எங்கீங்க, கருமாதிதான்!”

“அத்தை, சும்மா இருங்க” என்றாள் ரேணுகா. அவளுடைய உதடுகள் வெளுத்திருந்தன.

“ஆரம்பத்துலயே தெரிஞ்சதுப்பா. நான் ஒண்ணு நினைக்கிறேன், வண்டி ஒண்ணு நினைக்குது. ஓரமா நிறுத்தலாம்னா பின்னாடியே பஸ் வருது. அந்த வளைவுல சுவத்தோட உரசி, சுவரு முடியற இடத்துலதான் என் பிடிக்கு வந்துச்சு. இங்க கொண்டாந்து நிறுத்திட்டேன். இனி இதைத் தொட மாட்டேன்.”

“தொடாதே கண்ணு. தொடவே தொடாதே.”

“நான்தான் சொன்னேனேப்பா.”

“என்ன சொன்னே?”

“நம்ம தெரு வேகத்தடையில ஏறுறப்ப ஸ்டீயரிங் தானாத் திரும்புதுன்னு. போன வாரமே சொன்னேன்.”

பரஞ்சோதி மகளைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். ஆம், சொன்னாள். வேறொரு வண்டியின் பம்பரில் அமர்ந்து அவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

“நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல. ‘பூஜை போட்ட வண்டிம்மா, ஒண்ணும் ஆகாது’ன்னீங்க.”

மலையில் காற்று நின்றுபோயிற்று. அல்லது, பரஞ்சோதிக்கு அப்படித் தோன்றியது.

அவர் தம்முடைய வெள்ளை வண்டிக்குத் திரும்பிப் போனார். பாறைகளுக்கிடையே தேடிக் கற்களைப் பொறுக்கினார். அதன் சக்கரங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கல் வைத்தார். இரண்டு வண்டிகளும் தண்டனை பெற்ற மாணவர்களைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

கீழே எங்கோ பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

“பஸ் வருது. இதுல ஏறிக் கோயிலுக்குப் போயிடுங்க. நேரம் இருக்கு” என்றார் உஸ்தாத், பெண்களைப் பார்த்து.

“தாத்தா வர வேண்டாமுங்களா?” என்றார் அங்கம்மாள்.

“வருவாரு. அடுத்த பஸ்ல.”

பேருந்து வந்தது. நின்றது. அவர்கள் ஏறினார்கள். சாவியைக் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கி, சன்னல் வழியாகத் தந்தையிடம் நீட்டினாள் ரேணுகா. பேருந்து வளைவில் திரும்பி மறைந்தது. அதன் கையும் காலும் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டன.

சாலையில் குருவும் சீடரும் மட்டும் நின்றார்கள்.

பரஞ்சோதியின் கைகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவர் பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் தேநீரை ஊற்றினார். பாதி சாலையில் சிந்தியது.

உஸ்தாத் பச்சை வண்டியின் பம்பரில், ஓரமாக, அமர்ந்திருந்தார். தேநீரை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல் தலையைக் குனிந்தார்.

பரஞ்சோதி அவருடைய முகத்தைத்தான் எப்போதும் பார்ப்பார். குனிந்த அந்தத் தலையில் ஏதோ ஒரு மோன நிலை இருப்பதாக இளமையிலேயே முடிவு செய்தவர் அவர்.

இன்று அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையில் குந்தினார். உஸ்தாத்தின் கண்கள் எங்கே இருந்தனவோ, அந்த இடத்தைப் பார்த்தார்.

அங்கே தேநீர் இல்லை. சக்கரம் இருந்தது.

உஸ்தாத் எழுந்தார், அமர்ந்தார். சக்கரத்துக்குப் பின்னே தங்கையின் கால் ஒரு வட்டத்தில் ஏறியது. அக்காளின் கை வேறொரு வட்டத்தில் ஏறியது. நடுவில் மாட்டிக்கொண்ட சக்கரம், யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல், திரும்பியது.

எழுந்தார், அமர்ந்தார். திரும்பியது.

ஊதினார் என்று அவர் நினைத்திருந்த அத்தனை தேநீரும், குனிந்தார் என்று அவர் வணங்கிய அத்தனை குனிவும், அந்தச் சக்கரத்தின் அருகே வந்து நின்றன.

உஸ்தாத் நிமிர்ந்தார். மூடியைச் சாலையோரத்தில் கவிழ்த்தார்.

தேநீர் சிறிதும் குறையாமல், ஆவி பறக்க, மண்ணில் விழுந்தது.

“சூடா இருந்துச்சுங்களா?” என்றார் பரஞ்சோதி.

“எனக்கு டீ ஆகாதுப்பா. பித்தம்.”

“எப்ப இருந்துங்க?”

“சின்னதுல இருந்தே.”



“அப்ப இத்தனை வருஷமா… கையில…”

“வேலை முடிஞ்சா வண்டிக்காரன் பக்கத்துலயே நிப்பான். ‘ஆச்சா, எடுக்கலாமா’ன்னு அரிச்சுக்கிட்டே இருப்பான். நின்னு பார்க்கவே விடமாட்டான்.” உஸ்தாத் மூடியை உதறினார். “டீ குடிக்கிறவனை மட்டும் எவனும் அவசரப்படுத்த மாட்டான்.”



“அந்த வேம்புங்க?” என்றார் பரஞ்சோதி, மிகத் தாழ்ந்த குரலில்.

“எந்த வேம்பு?”

“நீங்க டீயை ஊத்துற இடத்துல.”

“ஓ, அதுவா” என்றார் உஸ்தாத். “அது தானா மொளைச்சது.”